48 மணி நேர மௌனம்: தேர்தல் பரப்புரைக்குச் சட்டம் வகுத்த எல்லை

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் இரு பொருள் தருவது. நாவினின்று பிறக்கும் பேச்சும் வாக்கு. குடிமகன் தன் பிரதிநிதிக்கு அளிக்கும் ஒப்புதலும் வாக்கு. வாக்குக் கொடுத்தவர் என்றால் உறுதிமொழி தந்தவர் என்பது பழைய வழக்கு. வாக்களித்தவர் என்றால் தேர்தலில் பங்கு கொண்டவர் என்பது புதிய வழக்கு. இவ்விரண்டனுள் முதல் வாக்கு ஒரு குறிப்பிட்ட நாழிகையில் அடங்கினாலன்றி இரண்டாம் வாக்கு செம்மையாக நிகழாது என்று நம் நாட்டுத் தேர்தல் சட்டம் கருதுகிறது. அக்கருத்தின் அடிப்படை யாது, கைப்பேசி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில் அதற்கு எஞ்சியிருக்கும் வலிமை எத்துணை என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். மாணவருள் பலர் முதன்முறையாக வாக்காளர் பட்டியலில் இடம் பெறுபவர். ஆசிரியருள் பலர் வாக்குச்சாவடிப் பணியாற்றுபவர். சமுதாயப் பெரியோர் தம் சொல்லால் பலரை வழிநடத்துபவர். மூவரையும் இச்சட்டம் மூன்று வகையாகத் தொடுகிறது.

தமிழ்த் துறையின் மலர் என்பதால் குடவோலையை ஒரு சொல் நினைவு கூர்தல் தகும். அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் உவமையாக இடம் பெறுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையார் யாவரும் கூடியிருக்க, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். இது குலுக்கல். இங்கே பரப்புரைக்கு வேலையே இல்லை. குடத்திடம் சென்று யாரும் ஆதரவு கேட்க முடியாது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மனிதர் மனத்துக்கு மாறிய பின்னரே, அம்மனத்தை எதுவரை, எப்பொழுதுவரை தொடலாம் என்னும் கேள்வி பிறந்தது.

கடிகாரம் பின்னோக்கி ஓடும் சட்டம்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவே இப்பொருளின் நடுநாயகம். வாக்குப்பதிவு முடிவதற்கெனக் குறிக்கப்பட்ட மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வரும் 48 மணி நேரத்தில், வாக்குப்பதிவு நிகழும் பகுதிக்குள் தேர்தல் தொடர்பான பொதுக்கூட்டமோ ஊர்வலமோ கூட்டுதலும் நடத்துதலும், அவற்றில் கலந்து கொள்ளுதலும் பேசுதலும் குற்றம். திரைப்படம், தொலைக்காட்சி, இவை போன்ற பிற கருவிகள் வாயிலாகத் தேர்தல் செய்தியைப் பொதுமக்களுக்குக் காட்டுதல் குற்றம். இசை நிகழ்ச்சி, நாடகம், பிற கேளிக்கை ஆகியவற்றால் மக்களை ஈர்த்து அச்செய்தியைப் பரப்புதலும் குற்றம். ஈராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ தண்டனையாகலாம். தேர்தலின் முடிவைப் பாதிக்கும் எண்ணத்தோடு அமைந்த எதுவும் தேர்தல் செய்தியே என்று சட்டம் பொருள் வரையறை செய்கிறது.

பழைய பிரிவு பொதுக்கூட்டத்தையே தடுத்தது. இன்றைய வடிவம் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயன். தனியார் தொலைக்காட்சிகள் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மேடையை அடக்கினால் போதாது, கூடத்தில் வைத்த பெட்டியையும் அடக்குதல் வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்தனர். அதே திருத்தம் அந்த 48 மணி நேரத்தில் மது விற்பனையையும் தடை செய்தது.

பலர் எண்ணுவது போல ‘வாக்குப்பதிவுக்கு முன் இரு நாள்’ என்பது சட்டத்தின் சொல் அன்று. கணக்கு முடிவு மணியிலிருந்தே தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 18 அன்று தமிழகத்தில் மாலை 6 மணியோடு வாக்குப்பதிவு முடியுமென அறிவிக்கப்பட்டபோது, சித்திரைத் திருவிழாவின் தேரோட்டத்தை முன்னிட்டு மதுரைத் தொகுதியில் மட்டும் அது இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. எனவே, மௌனம் தொடங்கும் நேரமும் மதுரையில் இரண்டு மணி பிந்தியது. 2021இல் கொரோனாப் பரவலால் வாக்குப்பதிவு மாலை 7 மணி வரை நீடித்தமையால், பரப்புரையும் 7 மணிக்கே ஓய்ந்தது. தேரோட்டமும் நோயும் கூடச் சட்டத்தின் கடிகாரத்தை நகர்த்தியுள்ளன.

அந்த மாலைப் பொழுதை நாம் சிறுவராக இருந்த நாள்முதல் அறிவோம். நாள் முழுதும் தெருத்தெருவாக முழங்கிய ஒலிபெருக்கி வண்டி, குறித்த மணியடித்ததும் பாதிச் சொல்லில் நின்றுவிடும். அதன்பின் தெருவில் எழும் அமைதியில், மாலைத் தொழுகைக்கான அழைப்பு வழக்கத்தினும் தெளிவாகக் கேட்கும்.

நூறு மீட்டர்

பொழுதுக்கு எல்லை வகுத்த சட்டம் இடத்துக்கும் எல்லை வகுத்துள்ளது. 130ஆம் பிரிவின்படி வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்டல் ஆகாது. இன்ன வேட்பாளருக்கு வாக்களிக்காதே என வற்புறுத்தலும், வாக்களிக்கவே செல்லாதே என்று தடுத்தலும், தேர்தல் தொடர்பான அறிவிப்பையோ சின்னத்தையோ காட்டுதலும் அவ்வாறே குற்றம். இதற்கு அபராதம் 250 ரூபாய் வரை! சட்டப் புத்தகத்தில் அத்தொகை அப்படியே உறைந்து கிடக்கிறது. ஒரு வேளை பிரியாணிப் பொட்டலத்தின் விலைக்குள் அடங்கும் தண்டனைக்கு யார் அஞ்சுவர் என்று கேட்பது நியாயமே. எனினும், காவலர் நேரே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றமாக அது வைக்கப்பட்டிருப்பதால் பயனற்றது என்று ஒதுக்குவதற்கும் இல்லை.

131ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. வாக்குச்சாவடியின் உள்ளேயோ அருகிலோ ஒலிபெருக்கி முழக்கி, கூச்சலிட்டு, வாக்காளர்க்கும் பணியாளர்க்கும் இடையூறு விளைப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு. அவரைக் கைது செய்யுமாறு காவலருக்கு ஆணையிடும் அதிகாரம் தலைமை வாக்குச்சாவடி அலுவலருக்கு அளிக்கப்பட்டுள்ளது. வகுப்பறையில் வருகைப் பதிவேட்டோடு நிற்கும் நம் ஆசிரியர் ஒருவர், அந்த ஒரு நாளில் இத்துணை அதிகாரம் உடையவராகிறார். அதே நாளில் அவர் தம் கட்சிச் சார்பைச் சொல்லாலோ செயலாலோ காட்டினால் 129ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கும் உரியவராகிறார்.

வாக்காளர்க்குப் பெயர், வரிசை எண் எழுதிய சீட்டு வழங்கும் கட்சியினரின் மேசை முன்னர் 200 மீட்டருக்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்பது விதி. 2025 மே மாதம் தேர்தல் ஆணையம் அதனை 100 மீட்டருக்கு அப்பால் எனத் தளர்த்தியது. கட்சிகள் வழங்கும் சீட்டு வெறும் வெள்ளைத் தாளாக, சின்னமோ வேட்பாளர் பெயரோ கட்சிப் பெயரோ இல்லாததாக இருத்தல் வேண்டும் என நடத்தை விதிகள் கூறுகின்றன.

இங்கு நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. கரைவேட்டி சின்னமா, உடையா? வேட்டியின் கரையைக் கொண்டே கட்சியை அறியும் மக்கள் வாழும் மண்ணில், அதனை உடுத்தி 100 மீட்டர் கோட்டைக் கடப்பவர் வாய் திறவாமலே வாக்குக் கேட்கிறார் அல்லரோ? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாக்குச்சாவடிக்குள் அரசியல் உடை அணிவதைத் தடுத்த சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் செல்லாதெனத் தள்ளியது. எது அரசியல் உடை என்பதற்குத் தெளிந்த அளவுகோல் இல்லை என்பதே காரணம். நம் கரைவேட்டியைக் கண்டிருந்தால் அந்நீதிபதிகள் வேறொரு பக்கம் கூடுதலாக எழுதியிருக்கக் கூடும்.

மௌனத்தின் நியாயம்

பேச்சுரிமை நம் அரசமைப்பின் 19ஆம் உறுப்பு தந்த அடிப்படை உரிமை. அதனை 48 மணி நேரம் கட்டிவைப்பதற்குக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஆரவாரம் ஓய்ந்த பின் வாக்காளர் தனித்திருந்து சிந்திக்க வேண்டும் என்பது. சிங்கப்பூர் 2010இல் சட்டத்தைத் திருத்தி, 2011ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் வாக்குப்பதிவுக்கு முந்திய நாளைத் தணிவு நாளாக்கியதும் இக்கருத்தினாலேயே. இரண்டாவது காரணமே நம்மை மிகுதியும் சிந்திக்க வைப்பது. கடைசி நேரத்தில் வீசப்படும் பொய்க்குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூற எதிராளிக்குக் காலம் இராது. ஆதலின், அத்தகைய வீச்சுக்கே இடம் தரலாகாது என்பது அது.

இவ்விரண்டாம் காரணத்தை ஒரு வழக்கு உரைகல்லில் உரைத்துப் பார்த்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தேர்தல் நாளன்று ஆதரவு திரட்டுதல் சட்டப்படி குற்றமாயிருந்தது. 1962 நவம்பர் 6 அன்று பர்மிங்காம் நகரில், அந்நகரின் ஆட்சிமுறையை மாற்ற வாக்களியுங்கள் என்று தலையங்கம் தீட்டிய நாளேட்டு ஆசிரியர் மில்ஸ் குற்றம் சாட்டப்பட்டார். கடைசி நேரப் பொய்யிலிருந்து மக்களைக் காக்கவே இச்சட்டம் என்று மாநிலம் வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1966இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. முந்திய நாள் நள்ளிரவு வரை யாரும் எப்பழியையும் வீசலாம். மறுநாள் அதற்கு விடையிறுப்பது மட்டும் குற்றமாகிறது. எனவே, இச்சட்டம் பொய்யைத் தடுக்கவில்லை, மறுப்பையே தடுக்கிறது என்று நீதிபதிகள் கண்டனர்.

நம் நாட்டு 126ஆம் பிரிவு நாளேட்டைத் தொடவில்லை. வாக்குப்பதிவு நாளன்று காலையில் கூட முழுப்பக்க விளம்பரத்தோடு நாளிதழ் வீட்டு வாசலில் வந்து விழக் காண்கிறோம். அவ்விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று பெறவேண்டும் என்று ஆணையம் விதித்திருக்கிறதேயன்றி, தடை இல்லை. அச்சு ஊடகத்தையும் இப்பிரிவுக்குள் கொண்டுவரச் சட்ட ஆணையம் தனது 255ஆம் அறிக்கையில் 2015இலேயே பரிந்துரைத்தது. சட்டம் அதன்படி திருத்தப்படவில்லை. மேடை மௌனமாகவும் தாள் பேசவும் அனுமதிக்கும் இம்முரண் விளம்பரம் வாங்கும் வசதி படைத்தவர்க்கே துணை என்பது நம் கருத்து.

ஆயினும், அலபாமா நீதிபதிகள் கண்ட குறை தாளைக் காட்டிலும் கைப்பேசியில் நூறு மடங்கு பெருகிவிட்டது. 2023 செப்டம்பர் 30 அன்று சுலோவாக்கியா நாட்டில் பொதுத்தேர்தல். அங்கும் 48 மணி நேர மௌனம் உண்டு. அம்மௌன நேரம் பார்த்து ஒரு குரல்பதிவு வலைத்தளங்களில் பரவியது. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவரும் தேர்தலில் முறைகேடு செய்யப் பேசிக்கொள்வது போன்ற அக்குரல் செயற்கை நுண்ணறிவால் புனையப்பட்டது. பொய்யென உடனே மறுத்தனர். ஆனால், மறுப்பை ஊடகங்கள் உரத்து எடுத்துரைக்க முடியாத நேரம் அது. அத்தலைவரின் கட்சி இரண்டாமிடம் பெற்றது. அக்குரல்தான் தோல்விக்குக் காரணம் என்று நாம் துணிந்து கூறவில்லை. பொய்யர் நாள் பார்த்துத் தொடுத்தனர். நாளைக் குறித்துக் கொடுத்தது சட்டம் என்பதை மட்டுமே சுட்டுகிறோம்.

எல்லை எங்கே?

126ஆம் பிரிவு வாக்குப்பதிவு நிகழும் பகுதிக்குள் நடப்பவற்றையே பேசுகிறது. ஒரே நாளில் நாடு முழுதும் வாக்களித்தால் இதில் குழப்பமில்லை. 2024 மக்களவைத் தேர்தலோ ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டமாக நடந்தது. ஒரு மாநிலம் மௌனம் காக்கையில் அண்டை மாநிலத்தில் தலைவர் முழங்குகிறார். முழக்கம் நேரலையாக மௌன மாநிலத்து வீடுகளுக்குள் பாய்கிறது. கருத்துக்கணிப்பில் மட்டும் சட்டம் விழித்துக்கொண்டது. 126அ பிரிவின்படி, வாக்களித்து வெளியேறுவோரிடம் எடுக்கும் கணிப்பை முதற்கட்டம் தொடங்கியது முதல் இறுதிக்கட்டம் முடிந்து அரை மணி கழியும் வரை எங்கும் வெளியிடலாகாது.

இரு நிகழ்வுகளை எடுத்துக்காட்டுகிறோம். எக்கட்சிக்கும் சார்பாக அன்று. எல்லை மயங்குவதைக் காட்டவே. 2017 டிசம்பரில் குஜராத்தின் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவுக்கு முன்னாள், ராகுல் காந்தியின் நேர்காணலைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. ஆணையம் அவருக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. நான்கு நாளில் அதனைத் திரும்பப் பெற்று, மாறிவிட்ட ஊடகச் சூழலில் 126ஆம் பிரிவையே மறு ஆய்வு செய்யக் குழு அமைக்க முடிவு செய்தது. 2024 மே 30 அன்று இறுதிக்கட்டப் பரப்புரை ஓய்ந்ததும் பிரதமர் நரேந்திர மோடி நம் கன்னியாகுமரிக்கு வந்து விவேகானந்தர் பாறையில் ஜூன் 1 வரை தியானத்தில் அமர்ந்தார். அங்கே வாக்குப்பதிவு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால், காட்சி நாடெங்கும் ஒளிபரப்பாகும், அவருடைய வாரணாசித் தொகுதி உட்பட 57 தொகுதிகள் அப்பொழுது மௌன நேரத்தில் இருக்கும் என்று காங்கிரசுக் கட்சி ஆணையத்திடம் முறையிட்டது. பேசியவரைக் கேட்ட சட்டம் பேசாதவரை என்ன கேட்பது? சட்டம் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி வினா அமையாது.

ஆணையம் தன் அதிகாரத்தால் மௌனத்தை நீட்டித்ததும் உண்டு. 2019 மே மாதம் கொல்கத்தாவில் ஊர்வலத்தின்போது கலவரம் மூண்டு வித்தியாசாகரின் சிலை உடைக்கப்பட்டதையடுத்து, அரசமைப்பின் 324ஆம் உறுப்பைக் கொண்டு மேற்கு வங்கத்தின் ஒன்பது தொகுதிகளில் பரப்புரையை ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகவே நிறுத்தியது.

மிம்பரும் மேடையும்

2024 ஏப்ரல் 19, தமிழகம் வாக்களித்த நாள், ஒரு வெள்ளிக்கிழமை. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு. நடுவே ஜும்ஆத் தொழுகையும் குத்பாவும். ஆகவே, நம் சமுதாயப் பெரியோர், இமாம்கள், முத்தவல்லிகள் ஆகியோர் இதனைத் தனியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தவறாமல் சென்று வாக்களியுங்கள் என்று இமாம் கூறுவதில் குற்றமில்லை. ஆணையமே அதனை ஊக்குவிக்கிறது. இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று கூறினால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டங்கள் குறுக்கிடுகின்றன. 126ஆம் பிரிவு அந்த இரு நாளுக்கே உரியது. 1988ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டமோ ஆண்டு முழுதும் செயற்படுவது. வழிபாட்டு இடத்தை அரசியல் பணிக்குப் பயன்படுத்த விடும் நிருவாகிக்கு ஐந்தாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. இச்சட்டம் எல்லாச் சமயத்தார்க்கும் பொது. நடத்தை விதிகள் இதனைக் கூறுமிடத்து வழிபாட்டு இடங்களை வரிசைப்படுத்துகையில் பள்ளிவாசலையே முதலில் வைத்திருப்பதைப் படிக்கும்போது சற்றுப் புன்முறுவல் தோன்றாமலில்லை.

இதனினும் ஆழமானது 123ஆம் பிரிவு. ஊழல் நடவடிக்கைகள் எனச் சட்டம் எண்ணுபவற்றுள் ஒன்று, முறைகேடான செல்வாக்கு. சமுதாயத்தினின்று விலக்கிவைப்போம் என அச்சுறுத்தலும், இறைவனின் சினத்துக்கு ஆளாவாய் என நம்பச் செய்தலும் அதனுள் வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளன. ஊர்க்கட்டுப்பாடு என்னும் பெயரால், எந்தச் சமயத்தினராயினும், எந்தச் சாதியினராயினும், கடைசி இரவில் கூடி எடுக்கும் முடிவுகள் இப்பிரிவின் நிழலில் நிற்பவை. சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதைத் தடுக்கும் பகுதிக்கு, 2017 சனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில் விரிந்த பொருள் கூறியது. வேட்பாளரின் சமயம் மட்டுமன்று, வாக்காளரின் சமயத்தைச் சுட்டி வாக்குக் கேட்டலும் ஊழலே என்பது தீர்ப்பு. சிறுபான்மையினர் தம் இன்னல்களைத் தேர்தலில் எடுத்துரைக்கும் உரிமையை இது சுருக்கிவிடும் என்று மறுத்துரைத்த மூவரின் கவலையில் பொருள் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், சட்டம் இன்று பெரும்பான்மைத் தீர்ப்பின் வழியது.

கதவும் கைப்பேசியும்

மௌன நேரத்தில் வேட்பாளர்க்கு எஞ்சியிருப்பது வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கும் உரிமை. கூட்டமாகவோ முழக்கமிட்டோ செல்லாதவரை 126ஆம் பிரிவு அதனைத் தடுக்கவில்லை. மேடையை விட மெல்லிய குரலில் பேசுவது மேலானது என்ற எண்ணம் இதில் இருக்கலாம். அதே கதவை அதே இரவில் பணக்கட்டும் தட்டுகிறது என்பது தமிழகம் அறிந்த துயரம். 2019 ஏப்ரல் 16 மாலை, பரப்புரை ஓய்ந்த அப்பொழுதே, பெருந்தொகை கைப்பற்றப்பட்டதன் தொடர்ச்சியாக வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் நீக்கம் செய்யப்பட்டது. அத்தொகுதி ஆகஸ்டு 5 வரை காத்திருந்து வாக்களித்தது.

இனி, நம் மாணவரை நோக்கி ஒரு வினா. மாலை 6 மணிக்குப் பரப்புரை ஓய்ந்துவிட்டது. இரவு 9 மணிக்கு விடுதி மாணவர் முந்நூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வருகிறது. வேட்பாளர் ஒருவர் நம் மக்களை இழித்துப் பேசுவது போல. குருதி கொதிக்கிறது, விரல் தானாகவே அடுத்த குழுவுக்கு அனுப்புகிறது. 126ஆம் பிரிவு ‘எவரும்’ என்றே தொடங்குவது. கட்சிக்காரர் என்று அது கூறவில்லை. கைப்பேசி ‘பிற கருவி’ ஆகுமா? முந்நூறு பேர் ‘பொதுமக்கள்’ ஆவரா? சமூக ஊடகமும் மின்னணு ஊடகமே என ஆணையம் 2013இலேயே அறிவுறுத்தியுள்ளது. 2019இல் சமூக ஊடக நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஏற்ற நெறிமுறையின்படி, மௌன நேர மீறல் குறித்து ஆணையம் அறிவித்தால் மூன்று மணி நேரத்துக்குள் அதனைக் கவனித்தாக வேண்டும். ஆனால், குழுவுக்குள் பூட்டிய செய்தியை ஆணையம் காண்பது எங்ஙனம்? யாரேனும் ஒருவர் எடுத்துச் சென்று முறையிட்டாலன்றி அந்த மூன்று மணி நேரம் தொடங்கவே போவதில்லை.

பழிக்கப்பட்ட வேட்பாளரோ மேடை ஏற முடியாது. தொலைக்காட்சியில் தோன்றி மறுக்கவும் தயங்குவார், அதுவே தேர்தல் செய்தி ஆகிவிடலாம். அவர் நடந்து செல்லலாம். 2024இல் தமிழகத்தின் ஒரு மக்களவைத் தொகுதியில் சராசரியாகப் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் இருந்தனர். பொழுது விடிந்தால் அவருக்கு எஞ்சியிருப்பது ஒரு பகல், ஓர் இரவு. அதன்பின் வாக்குச்சாவடி திறந்துவிடும்.